கிரூனா நகர மன்றம்: அன்றும் இன்றும்

சுவீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது கிரூனா. இரும்புத்தாதுவை நம்பி 1900-இல் எழுந்த சிற்றூர். அன்றிலிருந்து இன்றுவரை ஊருக்குச் சோறு போடுவது எல்.கே.ஏ.பி. நிறுவனத்தின் சுரங்கம்தான்.

அந்த ஊருக்கு 1963-இல் அழகான நகர மன்றம் கிடைத்தது. வடிவமைத்தவர் ஆர்தர் ஃபோன் ஷ்மாலென்சே. செங்கல் சுவர்கள், நடுவில் உயர்ந்த பெருங்கூடம், அதற்குள் மேலிருந்து இறங்கும் வெளிச்சம். கூரைக்கு மேல் சிற்பி பிரோர் மார்க்லுண்ட் வடித்த இரும்பு மணிக்கூண்டு. டிசம்பரில் சூரியனே எழாத நாட்களைக் கொண்ட ஊர் அது. அங்கே ஆள் கூடவும் பேசவும் கதகதப்பான இடமாக அந்தக் கூடம் இருந்தது. ஊரின் வரவேற்பறை என்றே மக்கள் அதைக் கொண்டாடினார்கள். 1964-இல் சுவீடனின் பெருமைமிக்க காஸ்பர் சாலின் கட்டடக்கலைப் பரிசும் வந்தது. பின்னாளில் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

ஆனால் தாதுப் படிவம் நேராக இறங்கவில்லை. ஊருக்கு அடியில் சாய்வாக ஓடுகிறது. கீழே தாதுவை எடுக்க எடுக்க, மேலே பாறை சரிகிறது. விரிசல் ஊரை நெருங்குகிறது. 2004-இல் நிறுவனம் இதை அறிவித்தது. ஊரின் மையம் சுமார் 3 கிலோமீட்டர் கிழக்கே நகர வேண்டியதாயிற்று.

மன்றத்தைப் பிரித்தெடுத்து நகர்த்தும் எண்ணம் முதலில் இருந்தது; பிறகு புதிதாகக் கட்டுவதென முடிவானது. 2018-இல் ஹென்னிங் லார்சன் நிறுவனம் வடிவமைத்த ‘கிரிஸ்டாலென்’ திறக்கப்பட்டது. வெளியே அலுவலகங்கள் நிறைந்த வட்ட வளையம்; உள்ளே தாதுப் படிகம்போல் கோணங்கள் கொண்ட நடுப்பகுதி, அதில் கலைக் கண்காட்சிக் கூடங்கள். பழைய மணிக்கூண்டு இப்போது கூரையிலிருந்து இறங்கி, புதிய மன்றத்தின் அருகே தரையில் நிற்கிறது. பழைய கட்டடம் 2019-இல் இடிக்கப்பட்டது. 1912-இல் கட்டிய மரத் தேவாலயத்தையோ 2025 ஆகஸ்டில் சக்கர வண்டிகளில் ஏற்றி, முழுசாகவே நகர்த்தினார்கள்.

பரிசு பெற்ற செங்கல் கட்டடத்துக்கு அந்த வாய்ப்பு வாய்க்காதது பேரிழப்பு. மணிக்கூண்டு மட்டும் அதை ஈடுசெய்துவிடாது. ஆனாலும் கிரூனா ஒன்றைச் சரியாகச் செய்தது. புதிய மையத்தில் கடைத்தெரு முழுமை பெறுவதற்கு முன்பே, ஊரார் கூடும் மன்றத்தை எழுப்பியது. சுரங்கத்துக்காக ஓர் ஊரை இடம் மாற்றுகிறவர்கள், வீட்டுக்கு இவ்வளவு என்று இழப்பீடு கணக்கிடுவதோடு நின்றுவிடக் கூடாது. எல்லோருக்கும் பொதுவான கூடத்தை முதலில் கட்டித் தர வேண்டும்.