புற்றையும் குயவன் செய்தானா?

சங்கரன்கோவில் போய்த் திரும்புகிறவர்களின் பையில் திருநீறு, குங்குமத்தோடு ஒரு சிறு மண் பொட்டலமும் இருக்கும். புற்றுமண். நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், நீரில் குழைத்துச் சொறி சிரங்கு கண்ட இடத்தில் பூசுவார்கள், ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பாண்டி நாட்டில் பஞ்சபூதத் தலங்கள் என்று ஐந்து ஊர்களைச் சொல்வார்கள். தாருகாபுரம் நீருக்கு, கரிவலம்வந்தநல்லூர் நெருப்புக்கு, தென்மலை காற்றுக்கு, தேவதானம் ஆகாயத்துக்கு. மண்ணுக்கு உரியது சங்கரன்கோவில். மண் என்றால் ஆற்று வண்டலும் இல்லை, கரிசலும் இல்லை; புற்றில் எடுத்த மண்.

தலவரலாறும் புற்றில்தான் தொடங்குகிறது. புன்னைவனத்தைக் காவல் காத்தவன் புற்றை வெட்டுகிறான். உள்ளே இருந்த பாம்பின் வால் அறுபடுகிறது. அருகில் சிவலிங்கம் தெரிகிறது. செய்தி உக்கிரபாண்டியனுக்குப் போய்க் கோயில் எழும்புகிறது. சங்கன், பதுமன் என்ற நாகராஜாக்கள், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்ற அவர்களுடைய வழக்கு, கோமதி அம்மனின் ஆடித்தபசு எல்லாம் ஊரறிந்த கதை. பாம்புக்கு அங்கே நாகசுனை உண்டு, உண்டியலில் விழும் வெள்ளி உருவங்கள் உண்டு. ஆனால் பாம்பு புற்றுக் கட்டாது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று பழமொழியே சொல்கிறது. மண்ணை நெற்றியில் வைத்துக்கொள்கிற நாம், அதைக் கட்டிய பூச்சியைக் கதவு நிலையில் கண்டால் மருந்தடிக்கிறோம்.

தென்னாட்டில் பரவலாகப் புற்றுக் கட்டும் கறையானுக்கு ஓடோன்டோடெர்மஸ் ஒபீசஸ் என்று அறிவியல் பெயர். வேலைக்காரக் கறையான் சில மில்லிமீட்டர் நீளம். கண் கிடையாது. வெயில் பட்டால் காய்ந்து சாகும் மெல்லிய உடம்பு. அது ஈர மண்ணை வாயில் உருட்டி, எச்சில் கலந்து, சிறு உருண்டையாகக் கொண்டுபோய் வைக்கிறது. வைத்து வைத்து ஆள் உயரத்துக்கு எழுப்புகிறது. அந்த எச்சில் மண்ணின் உறுதியைப் பல மடங்கு கூட்டுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அடைமழையிலும் புற்று கரைந்துவிடாமல் நிற்க அது ஒரு காரணம்.

உள்ளே நடப்பது விவசாயம். கறையான் தின்று கழித்த சருகும் மரத்தூளும் தேன்கூடு மாதிரி அடுக்கப்படுகின்றன. அதன்மேல் டெர்மிட்டோமைசஸ் என்ற பூஞ்சை வளர்கிறது. கறையானின் குடலுக்குச் செரிக்காத மரப்பொருளைப் பூஞ்சை செரித்துக் கொடுக்கிறது. பூஞ்சைக்கு வேண்டிய ஈரத்தையும் இதமான சூட்டையும் கறையான் காத்துக் கொடுக்கிறது. மழைக்குப் பிறகு புற்றைச் சுற்றி நாம் பறிக்கும் புற்றுக்காளான் இந்தத் தோட்டத்தின் பூ. வேண்டாத பூஞ்சை முளைத்துவிடாமல் களை பறிப்பதும் நடக்கிறது. கூட்டம் அழிந்தால் முதலில் தலையெடுப்பது அந்தக் களைப்பூஞ்சைதான்.

இத்தனை உயிரும் ஒரு பூஞ்சைத் தோட்டமும் மூடிய சுவருக்குள் எப்படி மூச்சு விடுகின்றன? இந்த வகைப் புற்றின் உச்சியில் புகைபோக்கி மாதிரித் திறப்பு எதுவும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மகாதேவனும் ஹன்டர் கிங், சாமுவேல் ஆக்கோ ஆகியோரும் பெங்களூருப் பக்கத்துப் புற்றுகளுக்குள் கருவி வைத்து அளந்து 2015-இல் வெளியிட்டார்கள். பகலில் புற்றின் வெளிப்புற மடிப்புகள் சூடேறுகின்றன. அவற்றின் உள்ளே காற்று மேலே ஏறி, நடுவில் இறங்குகிறது. இரவில் வெளிச்சுவர் குளிர்ந்ததும் ஓட்டம் அப்படியே திசை மாறுகிறது. தேங்கிய கரியமில வாயு நுண்துளைச் சுவர் வழியே இரவில் வெளியேறுகிறது. நாளுக்கு ஒருமுறை மூச்சை இழுத்து விடும் நெஞ்சுக்கூடு என்று சொல்லலாம். அதை இயக்குவது தினமும் வந்துபோகும் வெயில்.

இதையெல்லாம் கேட்ட மனசு உடனே ஒரு கேள்வியில் போய் நிற்கும்: இதற்கெல்லாம் திட்டம் போட்டவர் யார்? அந்தக் கேள்விக்கு நம்மிடம் பழைய விடை உண்டு. குடத்தைப் பார்த்தால் குயவன் இருந்தான் என்று தெரிகிறது. உலகத்தைப் பார்த்தால் கடவுள் இருக்கிறான் என்று தெரியவேண்டாமா? பத்தாம் நூற்றாண்டை ஒட்டி மிதிலையில் உதயணர் தம் நியாய குசுமாஞ்சலியில் இந்த வாதத்தை இழைத்து எழுதினார். நம் சைவ சித்தாந்திகள் மண்ணை முதற்காரணம், சக்கரத்தையும் கோலையும் துணைக்காரணம், குயவனை நிமித்த காரணம் என்று பிரித்துக் கடவுளை மூன்றாவது இடத்தில் வைத்தார்கள். இங்கிலாந்தில் பாதிரியார் வில்லியம் பேலி 1802-இல் குடத்துக்குப் பதில் கடிகாரத்தை எடுத்துக்கொண்டார். புல்வெளியில் கிடக்கும் கடிகாரத்தைப் பார்த்தவன், அதைச் செய்தவன் ஒருவன் இருக்கவேண்டும் என்று சொல்வான் அல்லவா என்றார். பொருள் வேறே தவிர வாதம் ஒன்றுதான்.

இதற்கு மறுப்பும் டார்வினுக்காகக் காத்திருக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தர் தர்மகீர்த்தி (திபெத்திய மரபு அவரைத் தென்னாட்டவர் என்கிறது) பிரமாணவார்த்திகத்தில் கையில் எடுத்த எடுத்துக்காட்டு எது தெரியுமா? புற்று! குடம் மண்ணால் ஆனது, அதைக் குயவன் செய்தான் என்பதால் மண்ணால் ஆனதையெல்லாம் குயவன் செய்தான் என்று தீர்மானித்தால், புற்றையும் குயவன்தான் செய்தான் என்று ஆகிவிடும் என்றார். சில ஒற்றுமைகளை வைத்துக்கொண்டு காரணமும் ஒன்றே என்று தாவக்கூடாது என்பது அவர் கட்சி. பௌத்தர் மறுத்தது வியப்பில்லை. பரம வைணவரான ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் இதே அனுமானத்தை உடைத்துப்போடுவதுதான் சுவை. உலகம் முழுவதும் ஒரே காலத்தில் ஒரே கர்த்தாவால் ஆனது என்பதற்கு அனுமானத்தில் என்ன ஆதாரம், பலர் பல காலங்களில் செய்திருக்கக் கூடாதா, நாம் பார்த்த கர்த்தாக்கள் எல்லாம் உடம்புள்ளவர்கள்தானே என்று அடுக்குகிறார். கடவுளை அறிய வேதம் ஒன்றே வழி, குடத்தை வைத்து அறிய முடியாது என்பது அவர் முடிவு. ஸ்காட்லாந்தில் டேவிட் ஹியூம் ஏறத்தாழ இதே கேள்விகளைக் கேட்ட நூல், அவர் இறந்தபின் 1779-இல் வந்தது.

அதே 1779-இல் நம் கறையானும் அச்சேறியது. தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர். தஞ்சைப் பகுதிப் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரைதான் புற்றுக்குள்ளிருக்கும் பூஞ்சைத் தோட்டத்தை உலகுக்கு முதலில் சொன்ன எழுத்துகளில் ஒன்று. படைத்தவனின் கைவேலையைப் பார்த்துப் பட்டியலிடுவது அந்தக் காலத்துப் பாதிரிமார்களுக்கு வழிபாடு மாதிரி. கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற தரங்கம்பாடிப் பாதிரியார் மீன்களையும் சிப்பிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். நம் மண்ணுளிப் பாம்புக்கு அவர் பெயர்தான்: எரிக்ஸ் ஜானியை. 1801-இல் இயற்கையியலாளர் பேட்ரிக் ரஸ்ஸல் சூட்டியது. அதன் வாலருகே, கழிவுத் துளையின் இருபுறமும், நகம் போன்ற சிறு முள் இரண்டு உண்டு. பின்னங்கால்களின் மிச்சம். காலே வேண்டாத பாம்புக்குக் கால் மிச்சம் எதற்கு என்று குயவனைக் கேட்டால் விடை கிடைக்காது. காலுள்ள மூதாதையிலிருந்து வந்தது என்றால் கிடைக்கும். பாவம், இருதலை மணியன் என்று பேர் வைத்து, புதையல் காட்டும் என்று லட்சக்கணக்கில் விலை பேசிப் பிடித்து விற்கிறார்கள்.

டார்வின் மாணவராக இருந்தபோது பேலியை ரசித்துப் படித்தவர். 1859-இல் உயிரினங்களின் தோற்றம் நூலை எழுதியபோது, தம் கொள்கையையே கவிழ்த்துவிடக்கூடியது என்று முதலில் தமக்குத் தோன்றியதாக அவர் ஒப்புக்கொண்ட சிக்கல்களில் ஒன்று இப்படிக் கூட்டமாக வாழும் பூச்சிகள்தான். எறும்பை வைத்து எழுதினார். கறையானுக்கும் அது பொருந்தும். வேலைக்காரப் பூச்சி இனம் பெருக்குவதில்லை. வாரிசே இல்லாததன் திறமை எப்படித் தலைமுறை தாண்டும்? இயற்கைத் தேர்வு தனி உயிருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் நடக்கும் என்பது அவர் கண்ட வழி. நல்ல வேலைக்காரர்களைப் பெற்ற தாய் தந்தையின் புற்று பிழைக்கும். அதிலிருந்து அடுத்த ஈசல் பறக்கும். 1964-இல் உயிரியலாளர் ஹாமில்டன் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்.

கணக்கு கருணையற்றது. முதல் மழை முடிந்த மாலையில் விளக்கைச் சுற்றி விழும் ஈசல்களில் பெரும்பாலானவை பல்லிக்கும் காக்கைக்கும் போகும். நாமும் அரிசியோடு வறுத்துத் தின்போம். சிறகுதிர்த்த ஏதோ ஒரு ஜோடி மண்ணுக்குள் புகுந்து புதுப் புற்றைத் தொடங்கும். ராஜா சாகும்வரை ராணியோடே இருக்கும். ராணி நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

கறையானின் பூர்வீகம் இன்னும் வியப்பு. 2007-இல் மரபணு ஒப்பீடு உறுதியாகச் சொன்னது: கறையான் ஒரு வகைக் கரப்பான். அதன் நெருங்கிய பங்காளி, மக்கிய மரத்துக்குள் குடும்பமாக வாழும் கிரிப்டோசெர்கஸ் என்ற கரப்பான். மரத்தைச் செரிக்க வேண்டிய நுண்ணுயிர்களைக் குஞ்சுகள் தாய் தந்தையிடமிருந்துதான் பெறவேண்டும். அதனால் ஆண்டுக்கணக்கில் வீட்டைவிட்டுப் போகமுடியாது. வீட்டோடு தங்கிய பிள்ளைகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதே கறையான் சமூகத்தின் முதல் படி. டைனோசர் காலத்திலேயே அது நடந்துவிட்டது. பூஞ்சை வளர்ப்பு மிகப் பின்னால், ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரே ஒருமுறை தோன்றி அங்கிருந்து பரவியது.

அப்படியும் கட்டடத் திட்டம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி நிற்கிறது. யாரிடமும் இல்லை. பிரான்சின் பியர்-பால் கிராஸே 1959-இல் காட்டினார்: ஒரு கறையான் வைத்த உருண்டையே அடுத்த கறையானை அங்கே உருண்டை வைக்கத் தூண்டுகிறது. ஆணையிட ஒருவரும் இல்லை. கட்டப்பட்ட மண்ணே கட்டுகிறவருக்கு வழி சொல்கிறது. தர்மகீர்த்தியின் கேள்விக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்து வந்த நேரடி விடை இது. புற்றைச் செய்ததில் குயவனும் இல்லை, குயவனைப் போன்ற கறையானும் இல்லை.

மேடைகளில் சிலர் திருவாசகத்துச் சிவபுராணத்திலேயே டார்வின் இருக்கிறார் என்பார்கள். தசாவதாரமே பரிணாமம் என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. மாணிக்கவாசகர் சொன்னது ஓர் உயிர் எடுத்த பிறவிகளின் அலுப்பு. டார்வின் சொன்னது உயிரினங்களின் வம்சாவளி. அறிவியல் ஒரு பாதி, ஆன்மிகம் மறுபாதி என்று, பாதி சிவனும் பாதி திருமாலுமான சங்கரநாராயணர் திருமேனியைக் காட்டி முடிச்சுப் போடவும் எனக்கு விருப்பமில்லை. அந்த அழகான உருவம் வேறு வழக்குக்குத் தீர்ப்பு.

பேலிக்கும் மெய்கண்டாருக்கும் உள்ள ஒரு வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேலியின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது பழுதாவதைப் பற்றி அவருக்குச் சொல்ல அதிகம் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார், முதல் சூத்திரத்திலேயே உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைச் சொல்லி, ஒடுக்குகிறவனையே முதல்வன் என்கிறார். குயவன் வாதத்தைக் கழித்துவிட்டாலும் இந்தப் பார்வை எனக்குப் பிடிபடுகிறது. கறையான் செய்வதும் ஒடுக்கம்தான். விழுந்த கிளை, காய்ந்த சோளத்தட்டை, மக்கிய உத்தரம், எதுவாக இருந்தாலும் அதைத் தின்று மண்ணாக்கித் திருப்பித் தருகிறது. நம் வீட்டு நிலைக்கும் அது செய்வது அதே வேலை; நமக்குத்தான் நேரம் சரியில்லை.

கோயிலில் வரிசையில் நின்று புற்றுமண் வாங்கும் எந்தப் பாட்டியும் இந்த மண்ணைப் பார்த்து ஒரு கர்த்தாவை அனுமானித்துவிட்டு அதன்பின் கும்பிடுவதில்லை. பேரப்பிள்ளையின் காலில் சிரங்கு. ஆத்தா கோமதி, நீதான் பார்த்துக்கணும் என்று பூசிவிடுகிறாள். அவள் பக்தியில் நிரூபிக்க எதுவுமில்லை. ஆகவே டார்வின் மறுக்கவும் எதுவுமில்லை. சிரங்குக்குத் தோல் மருத்துவரையும் பார்த்துவிட்டால் நல்லது என்று மட்டும் நான் சொல்வேன். மருமகள் ஏற்கெனவே களிம்பு வாங்கி வைத்திருப்பாள்.