எதிரொலியை வேலைக்கு வைத்தவர்

உல்லையில் சீசன் தொடங்கிவிட்டால் என் மருமகனுக்குத் தூக்கம் கிடையாது. அறுகம்பைக் கரையில் அவனுக்கு ஆறு அறையுள்ள சின்ன விடுதி ஒன்று இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை அலைச்சறுக்குப் பலகையும் கையுமாக வெள்ளைக்காரர்கள் வருவார்கள். வந்ததும் முதலில் வைஃபை பாஸ்வேர்ட் கேட்பார்கள், குடிக்கத் தண்ணீர் கேட்பது பிறகுதான். போன சீசனில் கூரை திருத்தும்போது ரூட்டரின் இரண்டு கொம்பில் ஒன்று முறிந்துபோனது.

"ஒண்டு முறிஞ்சும் வேல செய்யிதே மாமா. அப்ப ரெண்டு கொம்பு என்னத்துக்கு வெச்சான்?" என்று கேட்டான்.

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் இதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால் பொள்ளாச்சியில் ஏறி, அரபிக்கடலில் இறங்கி, கலிபோர்னியாவில் போய்க் கரையேற வேண்டும். அந்த இரண்டாவது கொம்பை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முதல் ஆள் ஒரு தமிழர், ஆரோக்கியசாமி பால்ராஜ். முப்பது வருடம் இந்தியக் கடற்படையில் இருந்த பொறியியலாளர்.

கடற்படைக்காரருக்கும் வைஃபைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனை நினைத்துக்கொள்ளுங்கள். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள். பாடுவது மீனா, சிப்பியா, நத்தையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு அந்த வழக்கு வேண்டாம், துடுப்பு போதும். தண்ணீருக்குள் இருக்கும் சத்தம் நம் காதுக்கு எட்ட ஒரு கருவி வேண்டும் என்பதைக் கிழக்குக் கரையின் தோணிக்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். கப்பலுக்கு அந்தத் துடுப்பின் பெயர் சோனார்.

நம் ஆழ்கடல் படகுகளில் இப்போது வைத்திருக்கும் மீன் தேடும் கருவியும் இதே வகைதான். ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலிக்குக் காத்திருக்கும். கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஓடும். 60 மீற்றர் ஆழத்தில் தரை இருந்தால் போய்வர 120 மீற்றர். அதற்குப் பிடிக்கும் நேரம் 0.08 விநாடி. மிச்சமெல்லாம் கணக்கு.

அந்தக் கணக்கு பிழைத்தால் என்ன ஆகும் என்பதை இந்தியக் கடற்படை 1971 டிசம்பர் 9 அன்று பார்த்தது. தியூ கரைக்கு அப்பால் 'ஹங்கோர்' என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி, 'குக்ரி' என்ற இந்தியப் போர்க்கப்பலைத் தாக்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கடலோடு போனார்கள். கப்பலின் தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதனுடனேயே மூழ்கினார். நீர்மூழ்கியைத் தேடிப் போன கப்பல் அது. அதில் இருந்தது பிரித்தானியத் தயாரிப்பான 170பி சோனார்.

நம் பக்கத்துக் கடல் சோனாருக்குப் பொல்லாதது. உச்சி வெயிலில் மேல்தண்ணீர் சூடேறும். சூடான நீரில் ஒலி வேகமாகவும் கீழே குளிர்ந்த நீரில் மெதுவாகவும் ஓடுவதால், கிடையாகப் போக வேண்டிய ஒலி கீழ்நோக்கி வளைந்துவிடும். காலையில் தெரிந்த நீர்மூழ்கி மத்தியானம் தெரியாது. குளிர்ந்த கடலில் பழகிய கருவிகளுக்கு இது பெரிய தலையிடி. இன்னொரு தலையிடி எதிரொலி. நீர்மூழ்கியில் பட்டு ஒலி திரும்புவது போலவே கடல்தரையிலும் அலையிலும் மீன் கூட்டத்திலும் பட்டுத் திரும்பும். இத்தனை இரைச்சலுக்குள் வேண்டிய ஒரு சத்தத்தைப் பொறுக்க வேண்டும்.

பால்ராஜ் 1944இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். ஏற்காட்டில் மொன்ட்போர்ட் பள்ளியில் படித்து, 15 வயதில் தேசிய பாதுகாப்புக் கல்விக்கூடத்தில் சேர்ந்துவிட்டார். நம் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு ரியூசன் போகும் வயது அது. லோனாவாலாவில் கடற்படையின் பொறியியல் கல்லூரியில் பட்டம் எடுத்த பிறகு, மேற்படிப்புக்காகக் கடற்படை அவரை டில்லி ஐ.ஐ.டி.க்கு அனுப்பியது. முதுமாணிக்குப் போனவரைப் பேராசிரியர் பி.வி. இந்திரேசன் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு இழுத்துக்கொண்டார். இரைச்சலில் புதைந்த சமிக்ஞையை எப்படி மதிப்பிட்டு வெளியே எடுப்பது என்ற கணிதம்தான் ஆய்வுப் பொருள். படிப்பு முடிகிற வேளை குக்ரி மூழ்கியது. அந்தக் கணிதத்தைக் கடலில் இறக்கிப் பார்க்கும்படி கடற்படை அவரைக் கூப்பிட்டது.

முதலில் பழைய 170பியைத் திருத்தினார். அதன் பிறகு 1977 முதல் 1983 வரை கொச்சியில் 'அப்சோ' என்ற புதிய சோனாரை இந்தியாவிலேயே உருவாக்கும் திட்டத்தை நடத்தினார். கப்பலின் அடியில் பல காதுகளை வட்டமாகக் கட்டி, எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் கேட்கும் கருவி அது. பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் தயாரிக்க, கடற்படைக் கப்பல்களில் ஏறியது. வெளிநாட்டில் வாங்கினால் போதும் என்றிருந்த காலத்தில் இதைச் செய்து முடித்தார். அவர் வேறு எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் இந்த ஒன்றுக்காக ஒரு கட்டுரை எழுதலாம் என்பேன்.

பல காதுகள் என்றேன். முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது. மஃரிப் நேரம் பொத்துவில் கடைத்தெருவில் நின்று பாருங்கள். இரண்டு மூன்று பள்ளிவாசல்களில் சில விநாடி முன்பின்னாகப் பாங்கு எழும். கண்ணை மூடிக்கொண்டே எது எந்தப் பக்கத்துப் பள்ளி என்று சொல்லிவிடுவீர்கள். வலக் காதுக்கும் இடக் காதுக்கும் சத்தம் வந்து சேர்வதில் உள்ள நுண்ணிய வித்தியாசத்தை மூளை கணக்குப் பார்த்துவிடுகிறது. ஒரு காதைப் பொத்தினால் பாங்கு கேட்கும், திசை கலங்கிப்போகும். 1983இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போன பால்ராஜ், அங்கே தோமஸ் கைலாத்துடனும் ரிச்சர்ட் ரோயுடனும் சேர்ந்து இந்த வேலையை அன்டெனாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 'எஸ்பிரிட்' என்று பெயர் பெற்ற அந்தக் கணித முறை, ஒரே நேரத்தில் வந்து மோதும் பல அலைகளில் ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும். சமிக்ஞைச் செயலாக்கம் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் அதைத் தாண்டிப் போக முடியாது.

1986இல் இந்தியாவுக்குத் திரும்பினார். செயற்கை நுண்ணறிவுக்கும் ரோபோ ஆய்வுக்குமான பாதுகாப்புத்துறை நிறுவனம் உட்பட மூன்று ஆய்வகங்களைக் கட்டியெழுப்பும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1991இல் கொமடோர் தரத்தில் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று மறுபடியும் ஸ்டான்போர்ட் போனபோது வயது 47. பெரும்பாலானோர் பென்சனை எண்ணத் தொடங்கும் வயதில், அவருடைய பெரிய கண்டுபிடிப்பு இன்னும் பிறந்திருக்கவில்லை.

அது 1992இல் வந்தது. விமானத்திலிருந்து வானொலிச் சமிக்ஞைகளை வேவு பார்க்கும் ஆய்வு ஒன்றில் இருந்தார். ஒரே அலைவரிசையில் ஒன்றின் மேல் ஒன்று விழும் சமிக்ஞைகளைப் பிரித்தெடுக்க வேண்டும். வெவ்வேறு திசையிலிருந்து வந்தால் பிரிக்கலாம் என்பது தெரிந்ததுதான். அனுப்பும் கருவிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் முடியாது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் நடுவில் பொருள்கள் இருந்து அலைகள் அவற்றில் பட்டுச் சிதறினால், பக்கத்தில் இருந்தாலும் பிரிக்க முடிந்தது.

இதில் என்ன பெரிய விடயம் என்று தோன்றலாம். சாதாரண தரத்தில் படித்த ஒருங்கமை சமன்பாட்டை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு எண்களைக் கூட்டினால் 10, கழித்தால் 2. விடை 6, 4. இப்போது இரண்டாவது வரியை மாற்றுவோம். கூட்டினால் 10, இரண்டையும் இரட்டித்துக் கூட்டினால் 20. இதற்கு விடை காண முடியாது. இரண்டாவது வரி முதல் வரியையே வேறு வேஷத்தில் சொல்கிறது.

இரண்டு அன்டெனா இரண்டு வெவ்வேறு செய்தியை ஒரே அலைவரிசையில் அனுப்புகின்றன என்று வையுங்கள். வாங்கும் பக்கத்திலும் இரண்டு அன்டெனா. ஒவ்வொன்றிலும் இரு செய்தியும் கலந்துதான் விழும். ஆக, இரண்டு தெரியாக்கணியமும் இரண்டு சமன்பாடும் கிடைக்கின்றன. வெட்டவெளியில் இரு கலவையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், இரட்டித்துக் கூட்டிய கதைதான். நடுவில் சுவரும் கூரையும் மரமும் இருந்தால் ஒவ்வொரு அலையும் தன் வழியில் பட்டுத் தெறித்து, ஒவ்வொரு அன்டெனாவிலும் வெவ்வேறு அளவில் கலக்கும். சமன்பாடுகள் வேறாகிவிடும், விடை கிடைத்துவிடும். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் இரட்டிப்புச் செய்தி.

கம்பியில்லாத் தொடர்பில் வேலை செய்தவர்கள் அதுவரை திட்டித் தீர்த்தது இந்தச் சிதறலைத்தான். பழைய தொலைக்காட்சியில் உருவத்துக்குப் பின்னால் நிழல் உருவம் ஒன்று நடக்குமே, அதுவும் எதிரொலி செய்த வேலைதான். அதை எப்படி ஒழிப்பது என்றே எல்லோரும் யோசித்தார்கள். பால்ராஜ் அதைச் சம்பளமில்லாத வேலையாளாக்கிவிட்டார். இதன் பெறுமதி தெரிய 1948இல் கிளாட் ஷனன் எழுதிய விதியைப் பார்க்க வேண்டும். ஒற்றைப் பாதையில், அதே அலைவரிசை அகலத்துக்குள் வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்ற, ஒவ்வொரு படிக்கும் மின்சக்தியை ஏறத்தாழ இரட்டிக்க வேண்டும். பத்துப் படி ஏறினால் ஆயிரம் மடங்கு. இரு பக்கமும் அன்டெனாவைக் கூட்டினால் அந்தத் தண்டனை இல்லாமல் வேகம் பெருகும். இந்த முறைக்கு உலகம் வைத்த பெயர் 'மைமோ', பல உள்ளீடு பல வெளியீடு என்பதன் சுருக்கம்.

கைலாத்தைக் கூட்டாளியாகச் சேர்த்து 1992இல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1994இல் கிடைத்தது. இலக்கம் 5,345,599. அதன் தலைப்பில் ஒலிபரப்புத்தான் இருக்கிறது, கைப்பேசி இல்லை. அப்போது நம்பியவர்கள் குறைவு. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'மைமோவின் தந்தை' என்று ஒரே ஆளுக்கு மாலை போடுவது பத்திரிகைக்காரர்களான எங்களுடைய பழக்கம். இந்த முறையால் எவ்வளவு கொள்ள முடியும் என்ற கணக்கை பெல் ஆய்வகத்தில் இருந்த எம்ரே தெலதார் 1995இல் எழுதினார். அதே ஆய்வகத்தின் ஜெரார்ட் பொசினி 1996இல் செய்முறை வடிவம் ஒன்றைக் கொடுத்த பிறகுதான் ஊரெல்லாம் இதன் பக்கம் திரும்பியது. ஆனால் எண்ணத்தை முதலில் காப்புரிமையாக எழுதி, அதைக் கடைக்குக் கொண்டுவரும் வரை விடாமல் நின்றவர் பால்ராஜ். என் கணக்கில் இரண்டாவதுதான் கஷ்டமான வேலை.

1998இல் அவர் தொடங்கிய நிறுவனம் 'ஐயோஸ்பான்' என்ற பெயரில், மைமோவில் ஓடும் முழுமையான கம்பியில்லா இணைய அமைப்பைச் செய்து காட்டியது. 2003இல் அதன் தொழில்நுட்பம் இன்டெல்லின் கைக்குப் போனது. அதே ஆண்டில் 'பீசீம்' என்ற இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கி வைமாக்ஸ் சில்லுகள் செய்தார். அதை 2010இல் புரோட்கொம் வாங்கியது. வைமாக்ஸ் என்ற பெயரே இன்று மறந்துபோயிற்று, 4ஜி போட்டியில் எல்.டி.ஈ. அதை ஓரங்கட்டிவிட்டது. ஆனால் வென்றதிலும் தோற்றதிலும் உள்ளே இருந்தது மைமோதான். 2009இல் வெளியான வைஃபை தரத்திலும் அது ஏறிக்கொண்டது. 5ஜி கோபுரங்களில் 64 அன்டெனா கொண்ட தட்டிகள் வந்துவிட்டன.

பட்டங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2010இல் பத்ம பூஷண், 2011இல் ஐ.ஈ.ஈ.ஈ.யின் கிரகம் பெல் பதக்கம், 2014இல் மார்க்கோனி பரிசு, 2018இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் இடம்.

இதையெல்லாம் மருமகனுக்குச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். சமன்பாட்டை ஒரு தாளில் போட்டுக் காட்டியதும் அவனுக்கு விளங்கிவிட்டது. பிறகு போனில் வேகத்தை அளந்து பார்த்தோம். ஒற்றைக் கொம்போடு ரூட்டர் வேலை செய்தது உண்மைதான், வேகம் சரிந்து கிடந்தது. "அப்ப இவ்வளவு நாளும் ஒத்தக் காதாலயா கேட்டிச்சு?" என்றான். அடுத்த நாளே அக்கரைப்பற்றுக்குப் போய்ப் புது ரூட்டர் வாங்கி வந்துவிட்டான்.

உங்கள் வீட்டு ரூட்டரிலும் வெளியே கொம்பு இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரே பக்கம் நேராக நிறுத்தி வைத்திருப்பீர்கள். ஒன்றை நிமிர்த்தி விடுங்கள், மற்றதைக் கிடையாகச் சாய்த்து விடுங்கள். இரண்டும் இரண்டு விதமாகக் கேட்கட்டும்.