அஞ்ச வேண்டாத அரை மணி

அரிசி தீர்வதற்கு முன்பே வாங்கி வைக்கும் பெண்மணிகள், கூரை ஒழுகுவதற்கு முன்பே ஓடு மாற்றச் சொல்லும் பெண்மணிகள், தங்கள் தேகத்தைப் பற்றி மட்டும், "வந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். மார்பகத்தைப் பற்றிய விஷயமானால் கேட்கவே வேண்டாம். கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால்கூட, கணவனிடமும் சொல்லாமல், பெற்ற பெண்ணிடமும் சொல்லாமல், மாதக் கணக்கில் மறைத்து வைப்பவர்கள் உண்டு. வெட்கம் பாதி, பயம் பாதி. இவ்விரண்டுக்கும் நடுவே நோய் தன் காரியத்தைப் பார்த்துக் கொண்டு போகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறி கொடுத்தவர். அந்தத் துயரம் வீண் போகவில்லை. 1954-ஆம் வருஷத்தில் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்று அவருடைய முயற்சியால் உண்டாயிற்று. அங்கே 1955 முதல் உழைத்து, 2021-இல் மறைந்த டாக்டர் வி. சாந்தா, "முன்னதாகக் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்" என்னும் உண்மையை ஓயாமல் எடுத்துச் சொல்லி வந்தார். முன்னதாகக் கண்டுபிடிப்பதற்கென்றே ஏற்பட்டதுதான் மார்பகப் பரிசோதனை.

பரிசோதனைக்குப் போனால் என்ன நடக்கும்? சாதாரணமாக அரை மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். வயது என்ன, குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் உண்டா, முன்பு ஏதேனும் சிகிச்சை நடந்ததா என்று முதலில் கேட்பார்கள். ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அடுத்தது 'மேமோகிராம்' என்னும் எக்ஸ்-ரே படம். அன்றைக்கு மார்பிலும் அக்குளிலும் பவுடர், வாசனைப் பூச்சு எதுவும் கூடாது. அவற்றின் பொடி படத்தில் நோயின் அடையாளம் போலத் தோன்றி வைத்தியரை மயக்கிவிடும். புடவையும் ரவிக்கையுமே சௌகரியமான உடை. மேலாடையை மட்டும் நீக்கினால் போதும். கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்கள். தாலிக் கொடியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால், முதுகுப்புறம் தள்ளிப் படம் எடுக்க இயலுமா என்று பார்ப்பார்கள். படம் எடுப்பவர் பெண்மணியாக இருக்க வேண்டும் என்றும் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளலாம். மாதவிலக்கு நிற்காதவர்கள், அது முடிந்த அடுத்த வாரத்தில் போவது நலம். அப்போது மார்பில் வலி குறைவாக இருக்கும்.

யந்திரத்தில் இரண்டு தட்டுகள் இருக்கும். அவற்றின் நடுவே மார்பகத்தை வைத்துச் சில விநாடிகள் அழுத்துவார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படம், ஆக நான்கு. அழுத்தம் சிலருக்குச் சங்கடமாகவும், சிலருக்கு வலியாகவும் இருக்கலாம். தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தசை மெல்லியதாகப் பரவினால்தான் ஒன்றின் நிழல் மற்றொன்றை மறைக்காது. குறைந்த கதிரே போதுமானதாகவும் இருக்கும்.

படம் எடுத்த பிறகு, "மறுபடியும் வாருங்கள்" என்று கடிதம் வந்தால், உலகமே இருண்டுவிட்டதாக எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 50 வயது முதல் 71 வயது வரையில் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பெண்களை அழைத்துப் படம் எடுக்கிறார்கள். அங்கே 100 பேரில் சுமார் 4 பேருக்கு மறு அழைப்பு வருகிறது. அந்த நால்வரிலும் புற்றுநோய் இருப்பது ஏறக்குறைய ஒருவருக்குத்தான். மறு அழைப்பு என்பது தீர்ப்பு அல்ல. இன்னொரு விசாரணை, அவ்வளவுதான்.

நம் தேசத்தில் எல்லாப் பெண்களையும் மேமோகிராமுக்கு அழைக்கும் ஏற்பாடு கிடையாது. 30 வயது முதல் 65 வரையில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, பயிற்சி பெற்றவர் கையாலேயே பரிசோதிக்க வேண்டுமென்று 2016-இல் மத்திய சர்க்கார் திட்டம் வகுத்தது. கைப் பரிசோதனைதானே என்று அலட்சியம் வேண்டாம். பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியார் 1998-இல் தொடங்கிச் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடையே நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2021-இல் வெளியாயிற்று. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கைப் பரிசோதனை செய்யப்பட்ட பகுதிகளில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்திருந்தது. மேமோகிராம் எந்த வயதில் தேவை என்பதை உங்கள் வைத்தியரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள்.

படம் எல்லாவற்றையும் கண்டுவிடும் என்பதும் இல்லை. சில நோய்கள் அதற்குத் தப்பிவிடும். ஒருநாளும் தொல்லை தந்திராத சிறு நோய்க்கும் சிகிச்சை நடந்துவிடுவது உண்டு. ஆகையால், "சென்ற வருஷம் பார்த்தாயிற்றே" என்று இருந்துவிடலாகாது. புதிதாகக் கட்டி, தோலில் சுருக்கம், காம்பு உள்ளே இழுத்துக் கொள்ளுதல், இரத்தக் கசிவு, இவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாணம், கச்சேரி என்றால் துணைக்குப் போகிறீர்கள் அல்லவா? இந்த அரை மணி நேரத்துக்கும் துணைக்குப் போங்கள். "வீண் செலவு" என்று முகம் சுளிக்காத கணவனும், "நானே நாள் குறித்து வைத்திருக்கிறேன், அம்மா" என்று சொல்லும் மகனும் இருக்கும் வீட்டில், எந்தப் பெண்மணியும் தன் வலியை முந்தானையில் முடிந்து வைக்க மாட்டாள்.