சப்பாத்திக்கு மாறிவிட்டால் போதுமா?

'உங்களுக்கு சர்க்கரை இருக்கிறது' என்று டாக்டர் சொன்ன அன்றே பல வீடுகளில் ராத்திரிச் சோறு நின்று சப்பாத்தி வந்துவிடுகிறது. நான்கு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. 3 மாதம் கழித்துப் பரிசோதித்தால் சர்க்கரை இறங்கியிருக்காது. 'சோற்றைத் தொடுவதே இல்லையே!' என்று குழம்பிப்போவார்கள்.

காரணம் எளிது. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கோதுமை, கேழ்வரகு, சாமையிலும் சுமார் 65 கிராம் உண்டு. நார்ச்சத்து கூடுதல் என்பதால் சற்று மெதுவாகச் செரிக்கும், அவ்வளவுதான். கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் அந்த நன்மையும் குறைந்துவிடும்.

என்ன செய்யலாம்? தட்டில் பாதி காய், கீரைக்கு. அவரை, புடலை, வெண்டை எதுவானாலும் சரி. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மிச்சக் கால் பங்குதான் சோறோ சப்பாத்தியோ. கிழங்கு வைத்தால் அதையும் சோற்றுக் கணக்கில் சேருங்கள். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ராத்திரி பட்டினி கிடக்கக் கூடாது. கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இன்று ராத்திரி பரிமாறும்போது, காய்க் கரண்டியை முதலில் எடுங்கள்.