குகைப் பாம்பும் கூடாத வைத்தியமும்

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளைத் தினம் பார்க்கிறோம். அங்கே குகை இருட்டில் வாழும் பாம்பை எத்தனை பேருக்குத் தெரியும்? ஆறடிக்கு வளரும். முன்பாதி வெளிறிய மஞ்சள். வால் கறுப்பு, நடுவே வெள்ளைக் கோடு. பாறைச் சுவரில் ஏறி வவ்வாலைப் பிடித்துத் தின்னும். அதற்கு நஞ்சில்லை. கண்டால் அடிக்காதீர்கள், வழிவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும்.

ஆனால் எல்லாப் பாம்பும் அப்படியல்ல. தோட்டத்தில் நாகமும் உண்டு, கட்டுவிரியனும் உண்டு. கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. சில மணி நேரத்தில் மூச்சே நின்றுபோகலாம். ஆகவே எது கடித்தாலும், "இது சாதாப் பாம்புதான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கைகாலை அசைக்காமல் தூக்கிச் செல்லுங்கள். 999-ஐ அழையுங்கள். பாம்பைத் துரத்த வேண்டாம். தூரத்திலிருந்து கைப்பேசியில் படம் எடுத்தால் போதும். எந்த நஞ்சுமுறி மருந்து என்று டாக்டர் முடிவு செய்ய அது உதவும்.

மந்திரிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆஸ்பத்திரி!