பத்து ரூபாய்க்கு ஓர் ஆராய்ச்சி ஃபைல்

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மத்திய அரசு அலுவலகத்துக்கு அனுப்பும் மனுவில் நீதிமன்ற வில்லை ஒட்டாதீர்கள். தாலுகா ஆபீஸிலும் மின்வாரியத்திலும் தகவல் கேட்டுப் பழகிய நம் ஊர்க்காரர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டு விதிப்படி 10 ரூபாய் வில்லை செல்லும். மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு விதிகளில் அதற்கு இடமில்லை. நேரில் போனால் ரொக்கம், தபாலில் என்றால் டிமாண்ட் டிராஃப்டோ போஸ்டல் ஆர்டரோ, அதுவும் வேண்டாமென்றால் ஆன்லைன். நான் போஸ்டல் ஆர்டர் கட்சி. பெறுபவர் இடத்தில் ‘கணக்கு அலுவலர்’ என்று எழுதி, அதன் எண்ணை மனுவிலும் குறித்து, பின் அடித்துவிட்டால் தீர்ந்தது. வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். சான்றின் நகல் போதும்.

கூட்டுறவுத் துறையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருவள்ளூரில் எங்கள் தெருவைச் சுற்றியுள்ளவர்களுக்கு மனு எழுதித் தருகிறேன். காசு வாங்குவதில்லை, காபி கொடுத்தால் மறுப்பதில்லை. பட்டா, ரேஷன் கார்டு, ஓய்வூதிய நிலுவை என்றுதான் வருவார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஐசிஎம்ஆர் என்ற பெயரையும் சொல்லிக்கொண்டு வர ஆரம்பித்திருக்கிறார்கள். தினமும் டிவியில் கேட்ட பெயர் அல்லவா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்தான் ஐசிஎம்ஆர். 1911இல் வேறு பெயரில் தொடங்கி, 1949இல் இந்தப் பெயருக்கு மாறியது. தலைமையகம் டெல்லி அன்சாரி நகரில். ஆனால் ஆராய்ச்சி நடப்பதும் ஃபைல் இருப்பதும் பெரும்பாலும் அதன் கீழுள்ள நிறுவனங்களில். சென்னையிலேயே சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்று இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பொதுத் தகவல் அலுவலர் உண்டு. எல்லாவற்றையும் டெல்லிக்கு அனுப்பினால் ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. ஆனாலும் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் சொல்கிறேன்: ஃபைல் எங்கே இருக்கிறதோ அங்கேயே நேராகக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரின் மனுவைச் சொன்னால் விஷயம் புரியும். 1968இல் இந்தப் பக்கத்தில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பிசிஜி தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று உலகமே எதிர்பார்த்த ஓர் ஆய்வு தொடங்கியது. ஐசிஎம்ஆரோடு உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. சிலருக்கு பிரெஞ்சு வகை, சிலருக்கு டேனிஷ் வகை, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பது முடிவு. 15 ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் விவரங்களை 1999இல் வெளியிட்டது சேத்துப்பட்டு மையம்தான். அப்போது அதன் பெயர் காசநோய் ஆராய்ச்சி மையம்.

பெரியவர் அப்போது பள்ளிக்கூடப் பையன். “வரிசையில நிக்க வெச்சு ஊசி போட்டாங்கம்மா. அது மருந்து ஊசியா தண்ணி ஊசியான்னு தெரிஞ்சா போதும்” என்றார். கையில் நாலு பக்கம் எழுதிய தாள். ‘ஏழைகளை ஏன் சோதனை எலிகளாக்கினீர்கள், எங்களிடம் ஏன் கேட்கவில்லை, இதற்கு யார் பொறுப்பு?’ என்று பொரிந்து தள்ளியிருந்தார்.

“அண்ணே, கேள்வி நியாயம். ஆனா இதுக்கெல்லாம் அவங்க பதில் சொல்ல வேண்டியதில்ல” என்றேன். அவருக்குக் கோபம்தான். ஆனால் சட்டம் அப்படி. 2011இல் சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கைவசம் இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும், புதிதாகத் தகவலைத் தயாரிக்கவோ, கருத்தும் விளக்கமும் சொல்லவோ கடமையில்லை. ‘ஏன்’ என்று தொடங்கும் மனு பாதிக்கு மேல் திரும்பிவிடும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும் மனுவைத் திருப்புவது கஷ்டம்.

நாலு பக்கத்தை நாலு வரியாக்கினோம். ஒன்று, இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார் என்ற பெயரில் ஆய்வுப் பதிவேட்டில் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல். இரண்டு, அவருக்குப் போடப்பட்ட ஊசியின் குறியீட்டு எண்ணும், அந்த எண் எந்த வகையைக் குறிக்கிறது என்பதைக் காட்டும் ஆவணமும். மூன்று, அந்த ஊரில் ஆய்வு நடத்தப் பெற்ற அனுமதிக் கடிதங்களின் நகல். நான்கு, இவற்றில் ஏதாவது அழிக்கப்பட்டிருந்தால் அழித்த உத்தரவின் நகலும், ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற அட்டவணையும். இந்த நாலாவது வரியை எந்த மனுவிலும் விடாதீர்கள். ‘கிடைக்கவில்லை’ என்று ஒற்றை வரியில் எழுதிக் கைகழுவுவதைத் தடுக்கும் வரி அது. எதற்காகக் கேட்கிறேன் என்ற காரணத்தை எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று 6(2) பிரிவே சொல்கிறது.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம், சட்டத்தில் இடம் உண்டு. சேத்துப்பட்டுக்கு நான் தமிழில்தான் எழுதுவேன். டெல்லிக்கு என்றால் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொள்கை வேறு, காரியம் வேறு. பொதுவாக 500 சொல்லுக்குள் முடிய வேண்டும் என்பது விதி.

காசு கட்டிக் கேட்பதற்கு முன் இலவசமாகக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். மனிதர்கள்மீது நடக்கும் மருந்து, தடுப்பூசிச் சோதனைகளுக்காக ஐசிஎம்ஆர் 2007 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. 2009 ஜூன் முதல் அதில் பதிவது கட்டாயம். எந்த ஆஸ்பத்திரியில், யார் பணத்தில், எத்தனை பேர்மீது என்று இணையத்தில் எவரும் பார்க்கலாம். பதிவு எண்ணை அங்கிருந்து எடுத்து மனுவில் போட்டால் ‘எந்த ஆய்வு என்று தெரியவில்லை’ என்ற சாக்கு எடுபடாது.

எல்லாம் கிடைக்குமா? கிடைக்காது. 8(1) பிரிவில் விலக்குகள் இருக்கின்றன. வணிக ரகசியம் ஒன்று. கோவாக்சின் மாதிரி அரசும் தனியார் கம்பெனியும் சேர்ந்து செய்த வேலைகளில் ஒப்பந்தத்தைக் கேட்டால் இதைத்தான் நீட்டுவார்கள். மற்றவர்களின் நோய் விவரம் இன்னொன்று. அதைத் தரக்கூடாதுதான், தரவேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தத் தனிப்பட்ட தகவல் விலக்கை முன்பைவிட அகலமாக்கிவிட்டது. அது எனக்கு உடன்பாடில்லை. 8(2) இன்னும் இருக்கிறது: பொதுநலன் பெரிதென்றால் விலக்கையும் மீறித் தரலாம். பெயர்களை மறைத்துவிட்டு மீதியைக் கொடு என்று கேட்க 10ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டையும் மனுவின் கடைசியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் ஒப்புதல் படிவங்களையும் இப்படிப் பெயர் மறைத்துக் கேட்கலாம். இந்தக் காகிதங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு கம்மம் ஒன்றே போதும். அன்றைய ஆந்திரத்தில் அந்த மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போட்ட ஆய்வு 2010இல் நிறுத்தப்பட்டது. அதில் ஐசிஎம்ஆருக்கும் பங்கு உண்டு. பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்ததை நாடாளுமன்றக் குழு 2013இல் கண்டித்தது. காகிதத்தைப் பார்த்ததால் வெளிவந்த விஷயம் அது.

எனக்குப் பிடித்த வழி, நகல் கேட்காமல் ஃபைலையே பார்க்கக் கேட்பது. முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய். நடப்புக் கோப்பு, குறிப்புக் கோப்பு இரண்டையும் கேளுங்கள். யார் என்ன ஆட்சேபம் எழுதினார், அதை யார் தள்ளினார் என்பதெல்லாம் குறிப்புப் பக்கத்தில்தான் இருக்கும். வேண்டிய பக்கத்தை மட்டும் 2 ரூபாய் வீதம் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

30 நாளில் பதில் வர வேண்டும். அதைத் தாண்டினால் நகல் இலவசம். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. விசாரணைக்காக டெல்லிக்கு ஓட வேண்டாம், பெரும்பாலும் வீடியோ மூலம்தான் நடக்கிறது. காரணமில்லாமல் தகவல் மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம்.

கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நெறிமுறைக் குழு ஆவணங்களை ஆய்வு முடிந்து குறைந்தது 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றுதான் ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டி சொல்கிறது. உங்கள் வீட்டில் யாராவது ஏதாவது ஓர் ஆய்வில் சேர்ந்திருந்தால், அப்போது கொடுத்த தகவல் தாளையும் ஒப்புதல் படிவ நகலையும் தேடி எடுத்து வையுங்கள். மனுவில் எழுத வேண்டிய ஆய்வின் பெயரும் ஆய்வாளர் பெயரும் அதில்தான் இருக்கும்.