சென்ட் விலை குறைவா? பின்னால் தண்ணீர் இருக்கும்! புயல் மாவட்டத்தில் மனை, வாடகை வீடு பார்க்கும் முன் கவனிக்க வேண்டியவை

கடலூர்:

வடகிழக்கு பருவமழை என்றாலே கடலூர் மாவட்ட மக்களுக்கு வயிற்றில் புளியை கரைக்கும். அக்டோபர் பிறந்து டிசம்பர் முடியும் வரை வானத்தை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். புயல் எங்கே கரையை கடக்குமோ, யார் வீட்டு கூரை போகுமோ என்ற கவலை.

இந்த மாவட்டத்தில்தான் நாம் பிழைக்க வேண்டும், பிள்ளைகளை படிக்க வைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும். ஊரை விட்டு ஓட முடியாது. ஆனால் ஊருக்குள் எந்த இடத்தில் குடியேறுவது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இதை எழுதும் நிருபரின் அக்கா வீட்டிலேயே இந்த பிரச்சினை வந்தது. அக்கா வீட்டுக்காரர் பெயிண்டர். 14 வருடமாக வாடகை வீடு. சீட்டு பணம், அடகு வைத்த நகை பணம் எல்லாம் சேர்த்து இரண்டரை சென்ட் மனை பேசி, 25 ஆயிரம் ரூபாய் அட்வான்சும் கொடுத்து விட்டார்.

"பக்கத்துல சென்ட் 4 லட்சம் போவுது. இங்க ரெண்டே கால்தான். புரோக்கர் நமக்கு தெரிஞ்சவருடா" என்றார் மாமா. மனையை பார்க்க போனோம். மாமா ரோட்டை பார்த்தார், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று பார்த்தார். பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருந்தது. எல்லாம் சரிதான்.

எதிர் வீட்டு பாட்டியிடம் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, மழைக்கு இங்க தண்ணி வருமா?"

பாட்டி சுவரை காட்டினார். ஜன்னல் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. "பெஞ்சல் அன்னைக்கு அதுவரைக்கும் நின்னுச்சு தாயி" என்றார்.

விலை ஏன் குறைவு என்பது அப்போதுதான் மாமாவுக்கு புரிந்தது.

காற்று வேறு, தண்ணீர் வேறு

புயல் என்றதும் எல்லோரும் காற்றைத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு புயல் 3 வழியில் அடிக்கும். ஒன்று காற்று, இன்னொன்று கடல் நீர், மூன்றாவது மழை வெள்ளம். இந்த மூன்றும் ஒரே இடத்தை தாக்குவது இல்லை. இடம் பார்க்கிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

காற்றுக்கு உதாரணம் தானே புயல். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையை கடந்தது. பண்ருட்டி பக்கம் பலா, முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கடலை விட்டு தள்ளி இருந்த ஊர்களையும் காற்று விடவில்லை.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையை கடந்த கஜா புயலும் அப்படித்தான். நாகை, திருவாரூரோடு நிற்காமல் தஞ்சை, புதுக்கோட்டை வரை உள்ளே போய் தென்னந்தோப்புகளை அழித்தது.

மழை வெள்ளத்துக்கு உதாரணம் 2015 நவம்பர் 9. அன்று வந்தது புயலே அல்ல. பெயர் கூட வைக்காத ஆழ்ந்த காற்றழுத்த தாழ்வு மண்டலம்தான். காற்று மணிக்கு 62 கிலோ மீட்டரை தொட்டால்தான் பெயர் வைப்பார்கள். ஆனால் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஓடையில் திரண்டு வந்த வெள்ளம் பெரியகாட்டுப்பாளையம், விசூர் பகுதிகளில் வீடுகளை அடித்துக்கொண்டு போனது. உயிர்ப்பலியும் ஏற்பட்டது.

எனவே "பெரிய புயல் இல்லை, சும்மா மழைதான்" என்று யாராவது சொன்னால் நம்பி படுத்து விடக்கூடாது.

புயல் போன பிறகு வந்த வெள்ளம்

பெஞ்சல் புயல் 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி இரவு புதுச்சேரி அருகே கரையை கடந்தது. அப்பாடா, போய் விட்டது என்று மக்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் புயல் மேற்கே நகர்ந்து விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மழையை கொட்டித் தீர்த்தது.

சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2-ந்தேதி ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் தென்பெண்ணை ஆற்றில் திறந்து விடப்பட்டது. அந்த தண்ணீர் எல்லாம் கடலில் கலக்கும் இடம் கடலூர். கரையோர குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. கடலூரில் மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறியது என்பது குறிப்பிடத்தக்கது.

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என 5 ஆறுகளுக்கு நம் மாவட்டம்தான் வடிகால். மேலே எங்கோ பெய்யும் மழைக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் மனை வாங்குகிறவர் தன் ஊர் மழையை மட்டும் பார்த்தால் போதாது.

கடலோரம் எப்படி?

புயல் கரையை கடக்கும்போது காற்று கடல் நீரை நிலத்துக்குள் தள்ளும். நம் கிழக்கு கடற்கரையில் புயல் மேற்கு நோக்கி வரும்போது, கண் பகுதிக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலில் இருந்து நிலத்தை நோக்கி வீசும். அதனால் வடக்கு பக்கத்தில்தான் கடல் நீர் அதிகம் ஏறும்.

1977-ம் ஆண்டு நவம்பரில் ஆந்திராவின் திவிசீமா பகுதியில் இப்படி ஏறிய கடல் நீர் ஆயிரக்கணக்கானவர்களை பலி வாங்கியது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததும் இதே போலத்தான். அந்த ஊர் குடியிருக்க தகுதி இல்லாதது என்று அரசே அறிவித்து விட்டது.

கடல் அலை ஏற்ற கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் உப்பங்கழி, ஆற்று முகத்துவாரம் ஓரத்திலும் கட்டுப்பாடு இருக்கிறது. "பீச் வியூ" என்று சொல்லி மனை விற்றால் அனுமதி கடிதத்தை காட்ட சொல்லுங்கள்.

கடலோரத்தில் இருந்தே ஆக வேண்டிய மீனவ குடும்பங்கள் என்ன செய்வது? படகும் வலையும் கரையில் இருக்கட்டும், படுக்கிற வீடு தள்ளி மேட்டில் இருக்கட்டும் என்பதுதான் அனுபவசாலிகள் சொல்வது. சவுக்கு தோப்பு, அலையாத்தி காடு, மணல் மேடு இவற்றுக்கு பின்னால் இருக்கும் இடம் நல்லது. 2004 சுனாமியில் பிச்சாவரம் அலையாத்தி காட்டுக்கு பின்னால் இருந்த குப்பங்களுக்கு சேதம் குறைவு. ஆனால் எவன் வந்து மணல் மேட்டை இடித்து சமன் செய்து மனை போட்டானோ, அந்த இடம் வேண்டவே வேண்டாம்.

மேட்டு நிலம் என்றால் பயம் இல்லையா?

கேப்பர் மலை மாதிரி செம்மண் மேட்டில் ஆற்று வெள்ளம் ஏறாது. ஆனால் காற்று நேராக வந்து மோதும். காற்றின் வேகம் 2 மடங்கானால் அது தள்ளும் பலம் 4 மடங்கு ஆகும். அதாவது 60 கிலோ மீட்டர் வேகத்தில் ஆடிய சீட்டு, 120 கிலோ மீட்டர் வேகத்தில் பறந்தே போகும்.

மேட்டில் இன்னொரு ஆபத்து ஓடை. வெயில் காலத்தில் வண்டிப்பாதை மாதிரி காய்ந்து கிடக்கும். மழையில் ஒரு மணி நேரத்தில் ஆறாக மாறும். ஓடையை ஒட்டிய மனை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மண்ணும் சுவரும் சொல்லும்

மனை பார்க்க போகும்போது புரோக்கர் பேச்சை கேட்கும் முன்பு இவற்றை பாருங்கள்:-

* பக்கத்து வீட்டு சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா?

* பழைய வீடுகளில் படிக்கட்டு எத்தனை? திண்ணை இடுப்பு உயரம் இருந்தால் அந்த ஊர்க்காரர்களுக்கு வெள்ளம் பழக்கம் என்று அர்த்தம்.

* கரண்ட் மீட்டர், மோட்டார் சுவிட்சை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறார்களா?

* மனையில் கோரைப்புல், நாணல் முளைத்திருக்கிறதா? அது தண்ணீர் தேங்கும் இடம்.

* ஊர் பெயர், தெரு பெயர் என்ன? தாங்கல், ஏந்தல், குட்டை, பள்ளம் என்று முடிந்தால் உஷார். முன்னோர் சும்மா பெயர் வைக்கவில்லை.

* வெளியே போக ஒரே ரோடுதானா? அந்த ரோட்டில் தரைப்பாலம் இருந்தால் வெள்ளத்தில் ஊர் தீவாகி விடும். பிரசவம், நெஞ்சு வலி என்றால் 108 வண்டி எப்படி வரும்?

* பல்நோக்கு புயல் பாதுகாப்பு மையம் அல்லது மாடி உள்ள பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? வயதான அம்மா நடந்து போக முடியுமா?

மனையை பார்க்க சித்திரை வெயிலில் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். அன்றைக்கு புரோக்கர் வர மாட்டார். வராவிட்டால் அதுவே பதில்!

கையெழுத்து போடும் முன்பு

அரசு இணையதளத்தில் சர்வே எண்ணை போட்டு பட்டா, 'அ' பதிவேடு, புலப்பட வரைபடம் மூன்றையும் பாருங்கள். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் விலகி விடுங்கள். புலப்படத்தில் வாய்க்கால் ஓடி, நேரில் வாய்க்கால் இல்லை என்றால், யாரோ மூடி விட்டார்கள். மனுஷன் மூடினாலும் தண்ணீர் பழைய வழியை தேடி வரும்.

வில்லங்க சான்று, நகர் ஊரமைப்பு துறை அங்கீகாரம் கட்டாயம் பார்க்க வேண்டும். 2016 அக்டோபர் 20-ந்தேதிக்கு பிறகு போட்ட அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால் தொடவே கூடாது. ஆனால் அங்கீகாரம் இருந்து விட்டால் மட்டும் வெள்ளம் வராது என்று நினைக்கவும் வேண்டாம். காகிதம் வேறு, தண்ணீர் வேறு.

வாடகைக்கு போகிறவர்கள்

மனை வாங்க வசதி இல்லாதவர்களும் இதை யோசிக்க வேண்டும். ரோட்டை விட தாழ்ந்த வீடு வேண்டாம். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் ரோடு உயரும், வீடு பள்ளமாகும். வீட்டுக்காரரிடம் கேட்பதை விட, காலி செய்து போனவரிடம் கேளுங்கள். உண்மை வரும்.

வீட்டின் மேல் சாய்ந்த பெரிய மரம், தலைக்கு மேல் போகும் மின் கம்பி இருந்தால் வேறு வீடு பாருங்கள். சீட்டு போட்ட வீட்டுக்கு 200 ரூபாய் அதிகமானாலும் கான்கிரீட் தளம் போட்ட வீடு நல்லது.

சொந்தமாக கட்டினால்

கடைசியாக வந்த பெரிய வெள்ளத்தின் கறைக்கு மேல் தரை மட்டம் வர வேண்டும். அதற்கு எத்தனை லோடு கிராவல் ஆகும் என்று கொத்தனாரிடம் முதலிலேயே கேட்டு, மனை விலையோடு சேர்த்து கணக்கு போடுங்கள். மலிவான மனை அப்போது மலிவாக இருக்காது.

சீட்டு, ஓட்டு வீடு என்றால் இரண்டு பக்க சரிவை விட நான்கு பக்க சரிவு கூரை காற்றை தாங்கும். கைமரத்தை சுவரோடு கம்பி வைத்து இறுக்கி கட்ட வேண்டும். கூரை கிளம்புவது பெரும்பாலும் ஓரத்தில் இருந்துதான்.

புயல், வெள்ளத்துக்கு வீட்டு காப்பீடு உண்டு. 'பாரத் கிரிஹ ரக்‌ஷா' என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

கண் பகுதி வரும்போது வெளியே வராதீர்

எந்த இடத்தில் குடியிருந்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது. புயலின் கண் நம் ஊர் மேல் கடந்தால் காற்று திடீரென நின்று விடும். புயல் போய் விட்டது என்று வெளியே வந்தவர்கள் செத்திருக்கிறார்கள். சிறிது நேரத்தில் எதிர் திசையில் இருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும்.

ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு பரணில் வையுங்கள். அவசரத்துக்கு மாவட்ட கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070.

அக்கா வீட்டு கதை என்ன ஆனது? மாமா 2 நாள் சாப்பிடவில்லை. அட்வான்சை புரோக்கர் திருப்பி தர முடியாது என்று விட்டார். "25 ஆயிரம் எத்தனை நாள் கூலி தெரியுமா?" என்று மாமா கத்தினார்.

அக்கா சொன்னது ஒரே வார்த்தை. "போனது 25 ஆயிரம். வாங்கியிருந்தா வருசா வருசம் போயிருக்கும். ராத்திரி தண்ணி வந்தா ரெண்டு புள்ளைங்கள்ல எதை தூக்குறதுன்னு நான் நிக்கணுமா?"

இப்போது 3 கிலோ மீட்டர் தள்ளி, மேட்டில் ஒன்றரை சென்ட் பேசி இருக்கிறார்கள். மனை சின்னதுதான். பஸ் ஸ்டாப் தூரம்தான். கார்த்திகை மழைக்கு மறுநாள் போய் பார்த்தோம். தரை காய்ந்திருந்தது.